ஏ.எஃப். என்றால் அடைப்பு அல்ல

செட்டிநாட்டுப் பக்கம் யாருக்காவது நெஞ்சில் கோளாறு என்று செய்தி வந்தால், அடுத்த கேள்வி "எத்தனை அடைப்பு?" என்பதாகத்தான் இருக்கும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இதுதான் வழக்கம். ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் மூன்றும் நமக்கு நன்றாகவே பழகிவிட்டன. ஆனால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால் குடும்பமே விழிக்கிறது. சுருக்கமாக இதை ஏ.எஃப். என்கிறார்கள். அடைப்பே இல்லை என்று ஆஞ்சியோவில் தெரிந்த பிறகும் ஏன் மாத்திரை, ஏன் ஷாக் (மின்னதிர்வு), ஏன் இரண்டாவது தடவையாக அப்லேஷன் (கோளாறான துடிப்பை அடைக்கத் தழும்பு உண்டாக்கும் சிகிச்சை) என்று வீட்டு ஆச்சிமார் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) பல ஆண்டுகளாக ஏ.எஃப். உண்டு. அவரோடு மருத்துவமனைகளில் காத்திருந்தும் டாக்டர்களைத் துளைத்தெடுத்தும் புரிந்துகொண்டதை, இந்த நோயை முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் ரத்தத்தை வாங்கிக் கீழறைகளுக்கு அனுப்பும்; கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்புக்கும் தள்ளும். எப்போது சுருங்க வேண்டும் என்ற உத்தரவு, வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சிறு திசுவிலிருந்து மின்துடிப்பாகக் கிளம்புகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. அடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில் வருகிற கோளாறு. ஏ.எஃப். இந்த மின்துடிப்பில் வருகிற கோளாறு. ஒருவருக்கு இரண்டுமே இருக்கலாம், ஒன்று மட்டுமே இருக்கலாம். ஆஞ்சியோ சுத்தமாக இருப்பதால் ஏ.எஃப். இல்லை என்று ஆகிவிடாது.

ஏ.எஃப். வந்தவரின் மேலறைகளில் மின்துடிப்புகள் பல இடங்களிலிருந்து தாறுமாறாகக் கிளம்பிச் சுழல்கின்றன. எண்ணிக்கை நிமிடத்துக்கு 300 முதல் 600 வரை போகும். குன்றக்குடியில் தேர்வடம் பிடிக்கிறவர்கள் ஒரே குரலுக்குச் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு கணத்தில் வெட்டி வெட்டி இழுத்தால் வடம் அதிருமே தவிர, தேர் நின்ற இடத்தில் நிற்கும். மேலறைத் தசையின் நிலையும் அதுதான். சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. நல்லவேளையாக, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இன்னொரு திசுமுடிச்சு காவலுக்கு இருக்கிறது. வருகிற துடிப்புகளில் பெரும்பாலானவற்றை அது தடுத்து, சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது. அந்தச் சிலவும் ஒழுங்கில்லாமல் வருவதால் நாடி ஒரு கணம் ஓடும், ஒரு கணம் தயங்கும். வேகமும் பெரும்பாலும் 100-ஐத் தாண்டிவிடும்.

படபடப்பு, மூச்சு வாங்குதல், அசதி, தலைச்சுற்றல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். மாடிப்படி ஏறினால் களைப்பாக இருக்கிறது என்பார்கள். வயசாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். சிலருக்கு எந்த அறிகுறியுமே தெரியாது, பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான் இப்படியொரு நோய் இருந்ததே வெளிப்படும். அதனால் 65 வயதைத் தாண்டியவர்கள் அவ்வப்போது நாடி பார்த்துக்கொள்வது நல்லது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் கவனித்தால் போதும். தாளம் தவறிக்கொண்டே இருந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். உறுதி செய்வது இ.சி.ஜி.தான். வந்து வந்து போகிற ஏ.எஃப். அந்த நேரத்தில் சிக்காமல் போகலாம் என்பதால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டிவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கைக்கடிகாரம் எச்சரிக்கை கொடுத்தால் அலட்சியம் செய்ய வேண்டாம், அதை மட்டும் வைத்து முடிவுகட்டவும் வேண்டாம்.

ஏன் வருகிறது என்றால் பல காரணங்கள் கூடித்தான். வயது முதல் காரணம். அடுத்தது ரத்தக் கொதிப்பு. சர்க்கரை நோய், உடல் பருமன், மது, தைராய்டு மிகுதி, இதயம் பலவீனமாவது, இவையெல்லாம் பின்னால் வரிசை கட்டும். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். நாற்பது ஐம்பது வயதில் அது ஏ.எஃப். ஆகத் தலைகாட்டும். எக்கோ என்ற இதய ஸ்கேனை எடுக்கச் சொல்வது முக்கியமாக இந்த வால்வைப் பார்க்கத்தான். குறட்டையும் ஒரு காரணம் என்றால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். பட்டாலையில் படுத்தால் வளவு முழுக்கக் கேட்கும்படி குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுகிறவருக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் இதயத்தை மட்டும் எத்தனை தடவை சரிசெய்தாலும் ஏ.எஃப். திரும்பி வரும்.

துடிப்பு வேறு, ரத்தக்கட்டி வேறு

இந்த நோயோடு வாழ்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். மருத்துவர்கள் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறார்கள். துடிப்பைச் சீராக்குவது ஒன்று. ரத்தம் உறைந்து மூளைக்குப் போகாமல் தடுப்பது மற்றொன்று. ஷாக், அப்லேஷன் போன்ற சிகிச்சைகள் எல்லாம் முதல் வேலைக்காக. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை இரண்டாவது வேலைக்காக. முதல் வேலை நன்றாக முடிந்ததால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகிவிடாது.

இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வு சுருக்கம் இல்லாத ஏ.எஃப். நோயாளிகளுக்கு உண்டாகும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது இங்கேதான் உருவாகின்றன. அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். இருப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு. அப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் கடுமையானதாகவும் இருக்கும்.

யாருக்கு இந்த மாத்திரை கட்டாயம் என்பதற்கு மருத்துவர்களிடம் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது 65 ஆனால் ஒன்று, 75 ஆனால் இரண்டு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதய பலவீனம், ரத்தக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அப்லேஷன் முடிந்து துடிப்பு சீரான பிறகும் இதே மதிப்பெண்தான் கணக்கு. அப்பச்சியைப் பார்க்க வந்த எங்கள் அம்மான், "துடிப்புதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இந்த மாத்திரை?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அப்பச்சி அந்த மாத்திரையைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்பு சீராகலாம், வயது குறையுமா? கொதிப்பும் சர்க்கரையும் போய்விட்டனவா? மேலும், ஏ.எஃப். தெரியாமலே திரும்பி வரக்கூடியது. அதனால் மாத்திரையை நிறுத்துவது இதய மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. நலம் விசாரிக்க வருகிறவர்கள் எடுக்கும் முடிவு அல்ல.

மாத்திரைகளில் பழையது வார்ஃபரின். 1948-இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. எலிமருந்தா என்று பதற வேண்டாம். அளவு அறிந்து கொடுத்ததால் உலகெங்கும் எண்ணற்றவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நம்மூர் மருந்துக் கடைகளில் இதே வகையைச் சேர்ந்த அசினோகூமரால் அதிகம் கிடைக்கும். இவற்றைச் சாப்பிடுகிறவர் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்றதும் சிலர் முருங்கைக்கீரையையே வீட்டுக்குள் விடுவதில்லை. அப்படி ஒதுக்கத் தேவையில்லை. மூன்று வாரம் தொடாமல் இருந்துவிட்டு, ஊரிலிருந்து பிள்ளைகள் வந்த வாரம் தினமும் கீரை மண்டி என்று இறங்குவதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

புதிய மாத்திரைகளான அபிக்சபான், ரிவராக்சபான், டபிகாட்ரான் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, கீரைத் தகராறும் இல்லை. இந்திய நிறுவனங்களும் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் இவற்றின் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். ஒரு வேளை தவறினால் அந்த வேளைக்குப் பாதுகாப்பு இல்லை. அபிக்சபானும் டபிகாட்ரானும் நாளுக்கு இரண்டு வேளை. ரிவராக்சபான் ஒரு வேளைதான், ஆனால் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். விரத நாளில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இந்தப் புதிய மாத்திரைகள் ஆகாது, பழையதுதான். ருமாட்டிக் வால்வு நோயாளிகளிடம் ரிவராக்சபானைவிடப் பழைய வகையே மேல் என்று 2022-இல் வெளியான 'இன்விக்டஸ்' ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிக்கொண்டார் என்பதற்காக நாமும் மாற்றக் கூடாது.

ஆஸ்பிரின் போதாதா என்றால், போதாது. ஏ.எஃப். வழி வரும் பக்கவாதத்தைத் தடுக்க அது உதவுவதில்லை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவை இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரக்கூடும். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். பல் பிடுங்கப் போகும்போதும் அப்படித்தான். பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும், நாமாக நான்கு நாள் நிறுத்திவிட்டுப் போய் நிற்கக் கூடாது.

ஏன் திரும்பத் திரும்பச் சிகிச்சை?

துடிப்பைக் கையாள்வதில் இரண்டு வழிகள். ஏ.எஃப். இருந்துவிட்டுப் போகட்டும், வேகத்தை மட்டும் மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின் போன்றவற்றால் குறைத்து வைப்போம் என்பது ஒரு வழி. சீரான துடிப்பைத் திரும்பக் கொண்டுவந்து காப்பாற்ற முயல்வது மற்றொன்று. நோய் தெரிந்த ஓராண்டுக்குள் இரண்டாவது வழியில் இறங்கினால் பக்கவாதமும் இதய நோய் மரணமும் குறைகின்றன என்று 2020-இல் ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வு கண்டது. அதனால் இப்போது மருத்துவர்கள் முன்பைவிட முனைப்பாக இருக்கிறார்கள். வயது, அறிகுறி, மேலறை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் முடிவு மாறும்.

ஷாக் என்று நாம் சொல்வது கார்டியோவெர்ஷன். 1960-களின் தொடக்கத்தில் பெர்னார்ட் லௌன் என்ற அமெரிக்க மருத்துவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சில நிமிடம் மயக்கம் கொடுத்து, நெஞ்சில் ஒட்டிய பட்டைகள் வழியாக ஒரு மின்னதிர்வு கொடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அதற்கு முன் குறைந்தது 3 வாரம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை தவறாமல் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து, கட்டி இல்லை என்று பார்த்த பிறகே செய்வார்கள். பின்னும் 4 வாரம் மாத்திரை கட்டாயம், ஏனென்றால் துடிப்பு சீரானாலும் மேலறை சோர்ந்து கிடக்கும். ஷாக் ஏ.எஃப்.-ஐ நிறுத்துமே தவிர அதன் காரணத்தை எடுப்பதில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது.

அப்லேஷனின் கதை 1998-இல் தொடங்குகிறது. பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் தலைமையிலான குழு, ஏ.எஃப்.-ஐத் தூண்டிவிடும் துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புவதைக் கண்டுபிடித்தது. அந்த வாயைச் சுற்றித் தழும்பு உண்டாக்கிவிட்டால் துடிப்பு வெளியே வர முடியாது. தொடையிடுக்குச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, வெப்பத்தாலோ உறைகுளிராலோ இதைச் செய்கிறார்கள். அண்மையில் மின்புல அதிர்வால் செய்யும் முறையும் வந்திருக்கிறது. நெஞ்சைத் திறப்பதில்லை, ஸ்டென்ட்டும் வைப்பதில்லை.

விட்டு விட்டு வருகிற ஏ.எஃப். உள்ளவர்களில் பத்துக்குச் சுமார் ஏழு பேருக்கு ஒரே அப்லேஷனில் ஓராண்டு வரை நல்ல பலன் தெரியும். ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் நீடிக்கும் வகைக்குப் பலன் இதைவிடக் குறைவு. மற்றவர்களுக்கு ஏன் திரும்புகிறது? தழும்பு ஆறும்போது சில இடங்களில் திசு பிழைத்துக்கொண்டு மின்துடிப்பை மறுபடி கடத்தும். அல்லது மேலறையின் வேறு மூலையில் புதிய ஊற்றுக்கண் திறந்திருக்கும். இரண்டாவது அப்லேஷன் என்பது பெரும்பாலும் இந்த இடைவெளிகளைத் தேடி அடைக்கும் வேலை. முதல் டாக்டர் கெடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேசுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் வரும் படபடப்பையும் தோல்வியாக எண்ணக் கூடாது. சுட்ட இடம் ஆறும் காலம் அது. அந்தக் காலம் கழிந்த பிறகுதான் பலனைக் கணக்கிடுவார்கள்.

ஆனால் ஒன்றை எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் சொல்லுங்கள். அப்லேஷன் முடிந்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் பலவீனம் ஏதாவது வந்தால், "எனக்கு அப்லேஷன் நடந்திருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடையே ஓட்டை விழும் மிக அரிய சிக்கல் ஒன்று உண்டு. அதை அல்சர் என்று எண்ணி எண்டோஸ்கோபி செய்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். தொடையிடுக்கில் ரத்தம் கன்றியிருப்பது பரவாயில்லை. கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் காட்ட வேண்டும்.

எல்லாம் செய்தும் அடங்காதவர்களுக்குப் பேஸ்மேக்கர் வைத்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் காவலிருக்கும் அந்தத் திசுமுடிச்சைத் துண்டித்துவிடுவது ஒரு கடைசி வழி. ரத்தக் கசிவால் உறைவுத் தடுப்பு மாத்திரையே ஆகாதவர்களுக்கு இடது மேலறையின் அந்தச் சிறு பையைக் கருவியால் அடைப்பதும் உண்டு. துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளில் அமியோடரோன் வலுவானது, தொல்லையும் அதிகம். அதில் அயோடின் மிகுதி என்பதால் தைராய்டையும் ஈரலையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வெயில் பட்டால் தோல் கருகும். சித்திரை வெயிலில் குடை இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டியவை

காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சுமார் 90 கிலோமீட்டர். இதயத் துடிப்பு நிபுணர்கள் பெரிய ஊர்களில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரிய வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்கும் குடும்பங்களே இங்கு அதிகம். அதனால் பாதிச் சிகிச்சை வீட்டிலேயே நடக்கிறது. கணக்கு எழுதிப் பழகிய மண் இது, ஒரு நோட்டுப் போடுவது கஷ்டமில்லை. நாடி, ரத்த அழுத்தம், படபடப்பு எப்போது வந்து எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரை மாற்றம், ஐ.என்.ஆர். ஆகியவற்றை எழுதி வைத்தால் அடுத்த தடவை டாக்டரிடம் 'அவ்வப்போது வருகிறது' என்று இழுக்க வேண்டியதில்லை. ஏ.எஃப். இருக்கும்போது தானியங்கி அழுத்தமானி ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண் காட்டும். மூன்று தடவை பார்த்துச் சராசரியை எழுதுவது நல்லது.

கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அப்லேஷன் போன்ற செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருத்துவமனையில் இடமுண்டு என்பதை, அனுமதி ஆவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உணவில் உப்புக்கண்டம், வற்றல், ஊறுகாய் மூன்றையும் சுருக்கினால் கொதிப்பு கேட்கும். உடல் பருத்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து அப்படியே காத்துவந்தால் ஏ.எஃப். திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கந்தரப்பத்தையும் சீயத்தையும் விசேஷ நாளுக்கு ஒதுக்குவதில் நட்டமில்லை. மது அறவே கூடாது என்பதற்கும் தனி ஆய்வே இருக்கிறது.

வாய் கோணல், ஒரு பக்கக் கை தளர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதில் பயணமே கணிசமாக எடுத்துக்கொள்ளும். கடைசி உறைவுத் தடுப்பு மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை உடன் போகிறவர் சொல்ல வேண்டும், சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.

தைப்பூசம் நெருங்கும்போது வரும் கேள்வி: பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா? வேகம் கட்டுக்குள் இருந்து, மருத்துவர் பார்த்துச் சரி என்றால் நடையே தவறில்லை. தண்ணீர் குறைவதும், தூக்கம் கெடுவதும், விரதமிருந்து மாத்திரை நேரம் தவறுவதும்தான் ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும். அப்லேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகாதவர் அந்த ஆண்டு காவடியை வழியனுப்பிவிட்டு வீட்டில் இருக்கட்டும். வெறுங்காலில் கொப்புளம் உடைந்தால் ரத்தம் எளிதில் நிற்காது என்பதால் கட்டுத்துணி கையில் இருக்க வேண்டும். அப்பச்சி முழுத் தூரம் நடப்பதை விட்டுவிட்டார்; சில கட்டங்கள் மட்டும் நடந்து, மீதிக்கு வண்டி ஏறிக்கொள்கிறார். மாத்திரையை மட்டும் சாமான் வண்டியில் போடுவதில்லை, இடுப்புப் பையிலேயே வைத்துக்கொள்கிறார். வண்டி முன்னால் போய்விட்டால் இரவு வேளை தவறிவிடும்.